குரூப்ல எல்லாரும் ‘ஓகேண்ணா’ போட்டாச்சு... அப்புறமும் வேலை ஏன் சொதப்புது? ஆரணித் தறி சொல்லும் டீம் பாடம்!

இரவு பத்தரை மணி. ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் போட்டோ வந்து விழுகிறது. மயில் கழுத்து நிறத்தில் ஒரு பட்டுப்புடவை. கீழே ரெண்டே வரி: ‘கஸ்டமர் இதே கலர்தான் வேணும்கிறாங்க. வர்ற முகூர்த்தத்துக்குள்ள குடுத்தாகணும்.’

அடுத்த ஐந்து நிமிடத்தில் ‘ஓகேண்ணா’, ‘சரிங்கண்ணா’ என்று வரிசையாகப் பதில்கள். கூடவே மூன்று தம்ப்ஸ் அப். குரூப் அமைதியாகிவிட்டது. மெசேஜ் போட்டவரும் நிம்மதியாகத் தூங்கப் போய்விட்டார்.

ஆனால், தறியில் ஏற்கெனவே அரக்கு நிறப் பாவு ஏறியிருக்கிறது. அதன் மேல் எந்த நிற ஊடையை ஓட்டினாலும் மயில் கழுத்து வராது. இது அந்தக் குரூப்பில் இருக்கும் ஒருவருக்கு நன்றாகவே தெரியும். அந்தத் தறியில் உட்கார்ந்து நெய்கிறவர் அவர்தான். அவர் போட்டதும் தம்ப்ஸ் அப்தான்!

இது கற்பனைக் காட்சிதான். ஆனால், ஆரணி மாதிரி ஒரு பட்டு ஊரில் வேலை எப்படி நகர்கிறது என்று தெரிந்தவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. ஓ.எம்.ஆர் பக்கம் ஏதோ ஒரு ஐ.டி கம்பெனியில் டீம் மீட்டிங்கில் மியூட் போட்டு உட்கார்ந்திருப்பவருக்கும்தான். டீம் முழுக்க போன் இருக்கு, குரூப் இருக்கு, டபுள் ப்ளூ டிக் இருக்கு. அப்புறமும் வேலை ஏன் சொதப்புது? இந்தக் கேள்வியை எடுத்துக்கிட்டு ஒரு தறிக்கூடத்துக்குள்ள போய்ப் பார்க்கலாம், வாங்க.

ஒரு புடவை... எத்தனை கை?

திருவண்ணாமலை மாவட்டத்தில், கமண்டல நாகநதிக் கரையில் இருக்கிறது ஆரணி. வெளியூர்க்காரர்களுக்கு இந்த ஊர் என்றால் ரெண்டு விஷயம் ஞாபகத்துக்கு வரும். ஒன்று அரிசி, இன்னொன்று பட்டு. ஆரணிப் பட்டு புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஊருக்குள் மட்டுமல்ல, ஒண்ணுபுரம், தேவிகாபுரம் என்று சுற்றுவட்டார ஊர்களிலும் நெசவு உண்டு.

பட்டுப்புடவை என்றதும் நம் மனசில் வருவது தறியில் தனியாக உட்கார்ந்திருக்கும் ஒரு நெசவாளரின் படம்தான். நிஜத்தில் அது ஒரு பெரிய டீம் வேலை. வரிசையாகச் சொன்னால் இப்படி இருக்கும்:

* பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகா பக்கத்திலிருந்து வருகிறது. ராமநகரத்தின் பட்டுக்கூடு மார்க்கெட் ரொம்பப் பிரபலம்.
* ஜரிகைக்குப் பேர்போன ஊர் குஜராத்தின் சூரத்.
* நூலை முறுக்கேற்ற ஓர் ஆள், சாயம் போட இன்னோர் ஆள்.
* பாவு ஓட்ட ஒரு குடும்பம். பழைய பாவின் நுனியோடு புதுப் பாவைப் பிணைக்க வேறொருவர்.
* டிசைனை கம்ப்யூட்டரில் வரைய ஒரு டிசைனர். அதைப் பார்த்து ஜக்கார்டு அட்டை அடித்துக் கொடுக்க ஒருவர்.
* நெய்ய ஒருவர். பக்கத்தில் தார் சுற்றித் தர அவர் வீட்டிலேயே ஒருவர்.
* எல்லாருக்கும் மேலே, நூல் கொடுத்து கூலி தரும் முதலாளி அல்லது கூட்டுறவுச் சங்கம். அதற்கும் மேலே கடை, ஆன்லைன் ரீசெல்லர், கடைசியாக கஸ்டமர்.

இந்த வரிசையில் பேசப்படும் மொழிகளை எண்ணிப் பாருங்க. தமிழ், தெலுங்கு, சௌராஷ்டிரம், நூல் வாங்கும் இடத்தில் கன்னடம், ஜரிகை வாங்கும் இடத்தில் இந்தி. வயசும் அப்படித்தான். ஜக்கார்டு சத்தத்தை வைத்தே எங்கே நூல் அறுந்தது என்று சொல்லிவிடும் அறுபது வயதுக்காரரும் இருப்பார், இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போட்டுப் புடவை விற்கும் இருபத்தி நாலு வயசுப் பெண்ணும் இருப்பார். படிப்பு, சாதி, பாலினம், வருமானம் எல்லாமே வேறு வேறு.

கார்ப்பரேட் ஆட்கள் பி.பி.டி போட்டுப் பேசும் ‘டைவர்சிட்டி’ இங்கே பல தலைமுறையாக இருக்கிறது. என்ன, அந்தப் பேரை மட்டும் யாரும் வைக்கவில்லை.

ஓட்டை போட்ட அட்டையும் ஒரு மெசேஜ்தான்!

‘கம்யூனிகேஷன் டெக்னாலஜி எல்லாம் இப்ப வந்தது’ என்று நினைத்தால், தறிக்கு மேலே ஒரு தடவை நிமிர்ந்து பாருங்க. அங்கே தொங்கும் அட்டை மாலைதான் அந்த வேலையின் பழைய மெசேஜிங் ஆப்.

பிரான்ஸின் லியோன் நகரத்துக்காரர் ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-ல் உருவாக்கிய முறை இது. டிசைனின் ஒவ்வோர் ஊடை வரிசைக்கும் ஓர் அட்டை. அட்டையில் ஓட்டை இருக்கும் இடத்தில் அதற்கான பாவு நூல்கள் மேலே ஏறும், இல்லாத இடத்தில் ஏறாது. இதே ஐடியாதான் பின்னாளில் ஹெர்மன் ஹாலரித் கைக்குப் போய், 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அட்டைகளாக ஓடியது. நீங்க கையில் வச்சிருக்கும் போனுக்கு தறி ஒருவகையில் தூரத்துச் சொந்தம்!

இந்த மெசேஜில் ஒரு சிக்கல் உண்டு. அது ஒரு பக்கம் மட்டுமே போகும். டிசைனர் சொல்வார், தறி கேட்கும். ஓர் அட்டையில் ஒரே ஓர் ஓட்டை தப்பாக விழுந்தாலும், அந்த டிசைன் திரும்பத் திரும்ப வரும் ஒவ்வோர் இடத்திலும் அதே தப்பு வரும். ‘இங்க தப்பு இருக்கு’ என்று தறியால் சொல்ல முடியாது. அதைச் சொல்ல முடிகிற ஒரே ஆள், முன்னால் உட்கார்ந்திருக்கும் நெசவாளர்.

இன்னொரு உதாரணம். கம்ப்யூட்டரில் பார்க்க ஒரு டிசைன் சூப்பராக இருக்கும். ஆனால், நெய்யும்போது ஜரிகை நூல் எங்கேயும் பிடிமானம் இல்லாமல் நீளமாக மிதக்கும். கட்டிப் பார்த்தால் வளையலில் மாட்டி இழுக்கும். டிசைனருக்குத் தெரிந்தது அழகு. நெசவாளருக்குத் தெரிந்தது நூல். இந்த இரண்டு அறிவும் சந்தித்தால்தான் அது புடவை. டீமில் விதவிதமான ஆட்கள் இருப்பதால் வரும் லாபமே இதுதான்: ஒருவர் கண்ணுக்குத் தெரியாதது இன்னொருவர் கண்ணில் பட்டுவிடும்.

முன்பு அட்டையை எடுத்துக்கொண்டு யாராவது தறிக்கூடத்துக்கு வர வேண்டியிருந்தது. வந்தால் பேச்சு வரும், பேச்சில் தப்பு வெளியே வரும். இன்று எலெக்ட்ரானிக் ஜக்கார்டு இருக்கும் இடங்களில் டிசைன் ஒரு ஃபைலாக வந்துவிடுகிறது. வேகம் கூடியது நிஜம். டிசைனரும் நெசவாளரும் நேரில் சந்திக்க வேண்டிய அவசியம் குறைந்ததும் நிஜம்.

போன் கொடுத்தது என்ன?

போனைக் குறை சொல்ல வரவில்லை. அது செய்த நல்லதுக்கு ஒரு பிரபலமான சாட்சி நம்ம பக்கத்து மாநிலத்திலேயே இருக்கிறது.

1997 முதல் 2001 வரை வட கேரளக் கடற்கரையில் படிப்படியாக மொபைல் சேவை வந்தது. அதற்கு முன், மத்தி பிடித்து வரும் படகுகளுக்கு எந்தக் கரையில் என்ன விலை என்று தெரியாது. ஒரு கரையில் வாங்க ஆளின்றி மீன் வீணாகும், பக்கத்துக் கரையில் மீன் கிடைக்காது. போன் வந்ததும் கடலில் இருந்தபடியே பல மார்க்கெட்டுக்கு போன் அடித்து விலை கேட்டார்கள். பொருளாதார ஆய்வாளர் ராபர்ட் ஜென்சன் 2007-ல் வெளியிட்ட ஆய்வின்படி, மீனவர்களின் லாபம் சராசரியாக 8 சதவீதம் கூடியது. வாங்குபவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. மீன் வீணாவது கிட்டத்தட்ட நின்றே போனது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த மீனவர்கள் போனில் கட்டளை வாங்கவில்லை. கேள்வி கேட்டார்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் படகை வேறு கரைக்குத் திருப்பினார்கள்.

இப்போது ஆரணிக்கு வருவோம். கூலிக்கு நெய்பவர் ஒரு முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், அந்தக் கடன் தீரும் வரை வேறு இடத்துக்குப் போவது சுலபம் இல்லை. அவர் கையிலும் அதே ஸ்மார்ட்போன்தான். ஆனால், அவருக்குத் திரும்ப வேறு கரை இல்லை. கருவி ஒன்றுதான், கையில் இருக்கும் அதிகாரம் வேறு. ‘எல்லாருக்கும் போன் வந்துடுச்சு, இனி எல்லாரும் சமம்’ என்று சொல்வதில் இருக்கும் ஓட்டை இதுதான்.

ஸ்கிரீன்ல தெரியுற கலர் தறியில வருமா?

பட்டு வேலையில் போன் தடுமாறும் முக்கியமான இடம், நிறம். மயில் கழுத்தையே எடுத்துக்குவோம். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். வெளிச்சமும் பார்க்கும் கோணமும் மாற மாற நீலமாகவும் பச்சையாகவும் தெரிவதுதான் அதன் அழகே. போட்டோ பிடிப்பது ஒரு கோணத்தை மட்டும். போதாததற்கு கேமரா தானாகவே வெளிச்சத்தைச் சரிசெய்யும். டியூப்லைட்டில் ஒரு மாதிரி, வெயிலில் வேறு மாதிரி. பார்க்கும் போனுக்குப் போன் ஸ்கிரீனும் மாறும்.

அந்தக் காலத்து ஆட்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். பெயர்கள்! அரக்கு, வாடாமல்லி, கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள், கத்தரிப்பூ. பாடகி எம்.எஸ்.சுப்புலட்சுமியால் பிரபலமான காஞ்சிபுரப் பட்டின் நீலத்துக்கு ‘எம்.எஸ். ப்ளூ’ என்று பெயரே நிலைத்துவிட்டது. வேறு வேறு மொழி பேசும் ஆட்களுக்கு இந்தப் பெயர்களும், கையில் கொடுக்கும் ஒரு துண்டு நூல் சாம்பிளும்தான் பொது மொழி. போட்டோ வந்ததும் ‘இதே மாதிரி’ என்ற ரெண்டு வார்த்தை அந்த மொழியின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. ‘இதே மாதிரி’ என்றால் எதே மாதிரி? ஒவ்வொருவர் ஸ்கிரீனிலும் ஒவ்வொரு மாதிரி!

சரி, நிறம் மாறிப்போனால் நஷ்டம் யாருக்கு? ஒரு பாவில் பெரும்பாலும் ஒன்றுக்கு மேற்பட்ட புடவைகள் நெய்வார்கள். பாவு ஏறிவிட்டால் நடுவில் நிறம் மாற்ற முடியாது. கூலி என்பது நெய்து முடித்த புடவைக்குத்தான். ‘கொஞ்சம் இருங்க, கஸ்டமர்கிட்ட கேட்டுச் சொல்றேன்’ என்று தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. மெசேஜ் மேலிருந்து கீழே வருகிறது. தப்பின் செலவும் அதே வழியாகக் கீழே இறங்குகிறது.

2019-20ல் நடந்த நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு, நாட்டில் சுமார் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்கள் இருப்பதாகச் சொல்கிறது. அதன்படி, மூன்றில் இரண்டு பங்கு நெசவாளர் குடும்பங்களின் மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் குறைவு. அந்த வருமானத்தில் நாலு நாள் தறி நின்றால் வீட்டில் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை.

புத்திசாலி டீம்... எப்படி உருவாகுது?

2010-ல் அனிட்டா வூலி தலைமையிலான குழு ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டது. 699 பேரை ரெண்டு முதல் ஐந்து பேர் கொண்ட சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்து விதவிதமான வேலைகள் கொடுத்தார்கள். எந்தக் குழு நன்றாகச் செய்தது? அதிபுத்திசாலி ஒருவர் இருந்த குழுவா? அதற்கும் ரிசல்ட்டுக்கும் பெரிய தொடர்பில்லை. முக்கியமாக மூன்று விஷயங்கள் எடுபட்டன. அடுத்தவர் மனநிலையைப் புரிந்துகொள்ளும் திறன், பேசும் வாய்ப்பு எல்லாருக்கும் ஓரளவு சமமாகக் கிடைப்பது, குழுவில் பெண்களின் பங்கு. ஓரிருவரே பேசிக்கொண்டிருந்த குழுக்கள் பின்தங்கின.

‘அது நேர்ல பேசுறப்ப... சாட்ல எப்படி?’ என்று கேட்கலாம். முகமே பார்க்காமல் டெக்ஸ்ட் சாட்டில் வேலை செய்த குழுக்களையும் வைத்து அந்த ஆய்வாளர்கள் 2014-ல் இன்னோர் ஆய்வு செய்தார்கள். அடுத்தவரைப் புரிந்துகொள்ளும் திறன் அங்கேயும் அதே அளவுக்கு வேலை செய்தது. ஆக, சாட் என்பதாலேயே ஒரு டீம் மோசமாகிவிடாது. அந்தச் சாட்டில் யார் பேசுகிறார்கள், யார் பேசுவதே இல்லை என்பதுதான் விஷயம்.

இன்னோர் ஆய்வு இன்னும் சுவாரஸ்யம். 1996-ல் ஏமி எட்மண்ட்சன் மருத்துவமனை நர்ஸ் டீம்களை ஆராய்ந்தபோது, நல்ல டீம்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. முதலில் அவருக்கே குழப்பம். பிறகுதான் புரிந்தது. அந்த டீம்களில் தப்பைப் பயமில்லாமல் வெளியே சொன்னார்கள். மற்ற டீம்களில் மறைத்தார்கள்.

இதை ஆரணிக் குரூப்போடு ஒட்டிப் பாருங்க. எல்லாரும் ‘ஓகேண்ணா’ போடும் குரூப் நல்ல டீம் போலத்தான் தெரியும். ஆனால், அங்கே ‘இது வராதுண்ணா’ என்று ஒரு மெசேஜ்கூட வந்ததில்லை என்றால், அது ஆரோக்கியத்தின் அடையாளம் இல்லை.

குரூப்லயே இல்லாத ஆள் யார்?

அதே கைத்தறிக் கணக்கெடுப்பில் இன்னொரு தகவல். தொழிலாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆனால், 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்திய அளவில் தான் பயன்படுத்த சொந்தமாக மொபைல் வைத்திருக்கும் பெண்கள் சுமார் 54 சதவீதம்தான். தமிழ்நாட்டில் நிலைமை இதைவிட நன்றாக இருக்கிறது. ஆனாலும் வீட்டுக்கு ஒரு நம்பர்தான் குரூப்பில் சேரும் என்றால், அது பெரும்பாலும் யார் நம்பராக இருக்கும்?

தார் சுற்றுவது, நூல் பிரிப்பது, அறுந்த இழையைச் சேர்ப்பது... இதையெல்லாம் செய்யும் அக்காக்களுக்கு நூலின் தரம் விரலிலேயே தெரியும். ‘இந்த லாட் நூல் அடிக்கடி அறுந்துபோகுது’ என்று முதலில் கண்டுபிடிப்பவர் அவர்தான். அந்தத் தகவல் அவரிடமிருந்து கணவருக்குப் போய், அவர் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்து, முதலாளி காதுக்குப் போவதற்குள் பாவு பாதி முடிந்திருக்கும். கஸ்டமரின் போட்டோ சில நொடியில் தறிக்கு வருகிறது. தறியின் தகவல் மேலே போகத்தான் நாள் கணக்கில் ஆகிறது!

முதலாளி பக்கமும் ஒரு நியாயம் இருக்கு

‘குரூப்பை ஓப்பனா வையுங்க’ என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடலாம். முதலாளிக்கு ஒரு பயம் இருக்கிறது. புது டிசைனின் போட்டோ ஒன்று வெளியே கசிந்தால், அது விசைத்தறியில் காப்பி ஆகி பாதி விலையில் மார்க்கெட்டுக்கு வந்துவிடலாம். குறிப்பிட்ட ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கும் சட்டம் 1985-லேயே வந்துவிட்டது. ஆனாலும் காப்பி பிரச்னை ஓயவில்லை. புவிசார் குறியீடு ஊர்ப் பெயரைக் காக்கும், ஒவ்வொரு டிசைனையும் தனித்தனியாகக் காக்காது. எனவே, யார் யாருக்கு எந்தப் போட்டோ போகலாம் என்பதில் அவர் கறாராக இருப்பதைத் தப்பு சொல்ல முடியாது.

ஆனால், போட்டோவைப் பூட்டுவது வேறு, வாயைப் பூட்டுவது வேறு. அட்மின் மட்டுமே மெசேஜ் போட முடிகிற வசதியை வாட்ஸ்அப் 2018-ல் கொண்டுவந்தது. அறிவிப்பு சொல்ல அது நல்ல வசதி. வேலை வாங்கும் குரூப்புக்கு அது பொருந்தாது. டிசைனைக் காட்டாமலேயே ‘நூல் எப்படி இருக்கு, பாவு எவ்வளவு மிச்சம் இருக்கு’ என்று கேட்டுப் பதில் வாங்க முடியும்.

அப்ப என்னதான் பண்ணலாம்?

தறிக்கூடமோ ஸ்டார்ட்அப்போ, செலவில்லாமல் செய்யக்கூடியவை சில இருக்கு:

‘ஓகேவா?’ன்னு கேக்காதீங்க. அந்தக் கேள்விக்கு ‘ஓகே’ தவிர வேறு பதில் வராது. ‘இதுல எது வராது?’ன்னு கேளுங்க. பதில் சொல்ல ஒரு வாசல் திறக்கும்.

வாய்ஸ் மெசேஜை மதிங்க. தமிழில் டைப் பண்ணத் தயங்குபவருக்கும், கை வேலையில் இருப்பவருக்கும் அதுதான் சுலபம். ‘டைப் பண்ணி அனுப்புங்க’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் டீமில் ஒருவரை வெளியே தள்ளுகிறோம்.

வேலை செய்பவர் நம்பரைச் சேருங்க. வீட்டுக்கு ஒருவர் என்று இல்லாமல், தார் சுற்றும் அக்காவும் குரூப்பில் இருக்கட்டும்.

போட்டோவோடு ஒரு பொருளும் போகட்டும். நிறத்துக்கு நூல் சாம்பிள். உங்க ஆபீஸில் என்றால் ஒரு மாதிரி ஃபைல் அல்லது பத்து நிமிட நேர்ப் பேச்சு.

தப்பை முதலில் சொன்னவர் மேல் அபராதம் விழக் கூடாது. இதுதான் கஷ்டமானது, இதுதான் முக்கியமானதும்கூட. சொன்னால் தறி நிற்கும், நின்றால் கூலி போகும் என்றால் யார் சொல்வார்கள்? தப்பைத் தடுத்ததால் தறி நின்ற நாளுக்கு ஒரு தொகை என்று முன்கூட்டியே பேசிவிட்டால், ஒரு முழுப் பாவு வீணாவதைவிட அது சல்லிசு. இது இல்லாமல் மற்ற நான்கையும் செய்தால் குரூப்பில் மெம்பர்கள்தான் கூடுவார்கள், பேச்சு கூடாது.

இப்போ மறுபடி அந்த இரவு பத்தரை மணிக்குப் போவோம். அதே போட்டோ, அதே முகூர்த்தம். ஆனால், இந்த முறை கேள்வி மட்டும் வேறு: ‘இதுல ஏதாச்சும் சிக்கல் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க.’

இரண்டு நிமிடம் கழித்து பன்னிரண்டு விநாடிக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் வருகிறது. ‘அண்ணா, நம்ம தறியில அரக்குப் பாவு இருக்குண்ணா. இதுல மயில் கழுத்து வராது. வேற தறியில பச்சைப் பாவு இருக்கான்னு பாருங்க. இல்லன்னா கஸ்டமர்கிட்ட அரக்குல காட்டிக் கேளுங்க.’

அந்தப் பன்னிரண்டு விநாடியில் ஒரு பாவு தப்பித்தது, ஒரு வீட்டின் கூலி தப்பித்தது, கல்யாண வீட்டுக்குப் புடவையும் நேரத்துக்குப் போய்ச்சேரும். போன் அதேதான், டீமும் அதேதான்.

உங்க டீம் குரூப்பைத் திறந்து கொஞ்சம் மேலே ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. கடைசியா ஒருத்தர் ‘இது வராது’ன்னு சொன்னது எப்போ? அதுக்கு நீங்க என்ன பதில் போட்டீங்க?